வாண்டு பழக்கிய மட்டை

ஒரு வாரமாக இளையவளுக்குத் தொண்டைக்குக் கீழே எதுவும் இறங்கவில்லை. காரணம், விடாமல் படித்து வருகிற உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் வேறு ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இடையில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கணவன் வேலை தேடிப் போன இடத்திலேயே தங்கிவிட, கைக்குழந்தையான மகளோடு அக்கா வீட்டுக்கு வந்தவள் இளையவள். "கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லித்தான் பெட்டியை இறக்கினாள். அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது பன்னிரண்டு வயது. அம்மாவின் தோளை முட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டில் அதற்குப் பெயர் வாண்டு.

அக்காவின் கணவர் கீழ்த்தளத்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். மாலையில் பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுக்கிறார். ஊருக்கெல்லாம் அவர் கோச். இளையவளுக்கு மட்டும் அத்தான். அவருடைய ஒரே மகள் வாண்டைவிட ஒரு வயது மூத்தவள். அவளுக்கு அப்பா வைத்த செல்லப்பெயர் சாம்பியன். பாவம், அந்தப் பிள்ளைக்குத் தொட்டிலிலேயே உத்தியோகம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இளையவளின் ராஜ்யம் கடையின் பின்னறை. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு தராசு, பசை டப்பாக்கள், சூடு காட்டுவதற்கு ஒரு பழைய முடி உலர்த்தி, சுவரோரம் வரிசையாக மட்டைகள். எந்தப் பிள்ளைக்கு எந்த நீளம், எந்த எடை என்று பார்த்துச் சொல்வது, பிடிக்கு டேப் சுற்றுவது எல்லாம் அவள் வேலை. சாஃப்ட்பால் மட்டை உள்ளே வெறும் கூடு; பயிற்சி மட்டைகளின் நுனி மூடியைத் திறந்து உள்ளே ஈயத் துண்டு வைத்துக் கனமாக்குவதும் அவள்தான். கனமான மட்டையால் பயிற்சி எடுத்தால் கைக்குப் பலம் ஏறும். ஆனால் ஆட்டத்தில் அதைத் தொடக் கூடாது, விதிப்படி குற்றம். அதனால் அப்படித் திறந்து மூடிய மட்டைக்கெல்லாம் பிடியில் சிவப்பு டேப் சுற்றி வைப்பாள்.

ஃபைபர் மட்டைகளுக்கு இன்னொரு வேலை உண்டு. புதுச் செருப்பு காலைக் கடிக்கிற மாதிரி, புது ஃபைபர் மட்டை கையைக் கடிக்கும். பந்து பட்டால் விறைப்பாக ஒரு சத்தம், உள்ளங்கையில் சுரீரென்று ஒரு அதிர்ச்சி, பந்தோ பக்கத்திலேயே விழும். அதை அடித்து அடித்து இளக வைக்க வேண்டும். கடையில் இதற்குப் பெயர் மட்டையைப் பழக்குவது. குச்சியின் மேல் பந்தை வைத்து முதலில் மெதுவாக, போகப் போக ஓங்கி அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் மட்டையைக் கையில் கால் வட்டம் திருப்பிப் பிடிக்க வேண்டும்; ஒரே பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் இளகி மட்டை பாழாகிவிடும். வாரக்கணக்கில் இப்படிச் செய்தால் ஒருநாள் சத்தம் மாறும். நிறைவாக, ஆழமாக ஒலிக்கும். அதற்குப் பிறகு பந்து பறக்கும் பாருங்கள், அது தனி அழகு.

இந்த வீட்டில் பழக்குவது வாண்டு. ஆடுவது சாம்பியன்.

யாரும் உட்கார்ந்து பேசி வைத்த சட்டம் இல்லை. "வாண்டுக்குத் தோள் பலம் ஜாஸ்தி, சீக்கிரம் பழகிடும்" என்று கோச் ஒருநாள் பாராட்டாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து புது மட்டை வாண்டின் கைக்கு வரும். அது உள்ளங்கை சிவக்கச் சிவக்கப் பழக்கும். சத்தம் மாறிய அன்று கோச் வந்து, "சபாஷ்டா கண்ணு" என்று முதுகில் தட்டிவிட்டு மட்டையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வாண்டு பழையபடி தன் நசுங்கிய அலுமினிய மட்டைக்குத் திரும்பும். அதற்கு முகம் கூட வாடாது. வாடியது எல்லாம் அம்மாவுக்குத்தான்.

போன வாரம் அப்படித்தான் அந்த நீல மட்டை கைமாறியது. இந்த முறை இளையவளால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் இது சாதாரண ஆட்டம் இல்லை. விடுதியோடு கூடிய விளையாட்டுப் பள்ளிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ஆட்கள் வருகிறார்கள். இந்த அணியிலிருந்து ஒரே ஒரு பிள்ளைதான். அந்த இடம் வாண்டுக்குக் கிடைத்தால் பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கும். பிள்ளை விடுதிக்குப் போய்விட்டால் இளையவளும் எங்காவது ஒரு அறை பார்த்துக்கொண்டு, ஜன்னல் இருக்கிற ஒரு அறை பார்த்துக்கொண்டு, தன் பாட்டுக்கு வாழலாம்.

அந்த ஆத்திரத்தில், சாம்பியன் கைக்குப் போகுமுன் டேப் சுற்றப் பின்னறைக்கு வந்த நீல மட்டையின் மூடியைச் சூடு காட்டித் திறந்தாள். உள்ளே ஒரு ஈயத் துண்டை வைத்துப் பசை போட்டு மூடினாள். சிவப்பு டேப் சுற்றவில்லை. அவள் போட்ட கணக்கு எளிமையானது. ஒல்லிக் கை சாம்பியன் ஒரு வீச்சு வீசிப் பார்த்து, "ஐயோ கனமா இருக்கு, வேண்டாம்" என்பாள். மட்டை வாண்டிடம் திரும்பி வரும். ஈயத்தை எடுத்துவிடலாம்.

சாம்பியன் வாயே திறக்கவில்லை.

ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. அந்தப் பெண் தினமும் அதே மட்டையால் வீசிக்கொண்டிருந்தாள். இளையவள் எடுக்கப் போன போதெல்லாம் மட்டை கோச்சின் கையில் இருந்தது, இல்லாவிட்டால் அவருடைய கட்டிலுக்கு அடியில் இருந்தது.

இன்று ஆட்டம். இன்றாவது எடுத்துவிட வேண்டும் என்று விடிந்ததும் கீழே ஓடினாள். கோச் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றிருந்தார்.

"அத்தான், அந்த நீல பேட்டை ஒரு நிமிஷம் குடுங்க. பிடியில டேப் லேசா பிரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"நேத்தே பாத்தேனே. சும்மா கல்லு மாதிரி இருக்கு."

"இல்ல, எதுக்கும் ஒருவாட்டி..."

"மேட்ச் அன்னிக்கு பேட்டுல கை வைக்கக் கூடாது. நீயே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்க?" அவர் சிரித்தார். "உன் கை பட்ட பேட்டும்மா அது. அதுல என்ன கோளாறு வரப் போகுது?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. இளையவள் திரும்பி மாடிப்படி ஏறினாள்.

சமையலறையில் அக்கா ரொட்டித் துண்டுகளுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது.

"முகம் ஏன்டி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? உக்காரு. காபி குடி."

"வேண்டாங்கா."

"ஒரு வாரமா உனக்கு எல்லாமே வேண்டாம்தான். நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "வாண்டை நினைச்சுக் கவலைப்படுற. அதானே?"

இளையவள் ஒரு டம்ளரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அவ நல்லா ஆடுவாடி. நான் என்ன குருடியா? ஆனா சாம்பியனை எடுக்கலைன்னா இந்த மனுஷன் உடைஞ்சுபோயிடுவார். அவர் சின்ன வயசுல ஆட முடியாம போனதையெல்லாம் அவ தலையில ஏத்தி வெச்சிருக்கார். உன் பொண்ணுக்கு அடுத்த வருஷம் இருக்கு."

"எனக்கு இந்த வீட்டுல எல்லாமே அடுத்த வருஷம்தான்கா."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அக்காவின் கண் ஒரு கணம் கலங்கி, உடனே சரியாகிவிட்டது. அக்காவுக்கு அழக்கூட அடுப்பு அணைந்த பிறகுதான் நேரம்.

"சரி, அதை விடு. இன்னிக்கு எல்லாரும் கவனமா இருக்கணும்" என்றாள் அக்கா, முட்டையைக் குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றியபடி. "இந்த தடவை ரொம்பக் கெடுபிடியாம். பேட்டையெல்லாம் மேசையில வாங்கி வெச்சுச் சோதனை பண்ணி, ஸ்டிக்கர் ஒட்டினாத்தான் உள்ள விடுவாங்களாம். போன மாசம் வேற ஏதோ டீமுல ஒருத்தி பேட்டைத் திறந்து என்னமோ பண்ணியிருந்தாளாம். அந்த டீம் மொத்தத்தையும் வெளிய அனுப்பிட்டாங்களாம்."

"மொத்த டீமையுமா?"

"ஒருத்தி பண்ணின தப்புக்கு எல்லாரும். என்ன அநியாயம் பாரு."

அப்போதுதான் இளையவளுக்கு உறைத்தது. மொத்த அணி என்றால் வாண்டும்தானே. யாருக்காகக் குழி வெட்டினாளோ அந்தப் பிள்ளையையும் சேர்த்தல்லவா அது விழுங்கப் போகிறது. சொல்லிவிடலாம், இப்போதே அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அக்கா ரொட்டியை அவள் வாயில் திணித்து, "முதல்ல சாப்பிடு" என்றாள்.

கீழே வண்டி உறுமியது. கோச் குரல் கொடுத்தார். "நீ கடையைப் பாத்துக்க. வெளியூர்லேர்ந்து ஒருத்தர் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வரேன்னிருக்கார். முடிச்சு அனுப்பிட்டுக் கிளம்பி வந்தாப் போதும். நாங்க முன்னாடி போறோம்."

பிள்ளைகள் இருவரும் அக்காவும் ஏறினார்கள். வாண்டு ஜன்னல் வழியாகக் கை ஆட்டியது. சாம்பியன் நீல மட்டையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

வந்தவர் சாவகாசமான மனிதர். கடையிலிருந்த மட்டைகளை ஒன்று விடாமல் எடுத்துத் தட்டிப் பார்த்தார். கூட வந்த சிறுமி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"பாப்பா, இங்க வா. நேரா நில்லு" என்றாள் இளையவள். மட்டையின் அடியை அதன் நெஞ்சில் வைத்து, கையை நீட்டச் சொல்லி நுனி எங்கே வருகிறது என்று பார்த்தாள். "இந்த நீளம் சரி. இப்ப ஒரு கையால பிடிச்சு, பக்கவாட்டுல நீட்டு. ஆடாம நிக்கணும்."

"அதெல்லாம் வேண்டாம்மா. வளர்ற பொண்ணு. அடுத்த வருஷமும் ஆகணும்ல? ஒரு சைஸ் பெருசாவே குடுத்துடுங்க."

"சட்டைன்னா கையை மடிச்சு விட்டுக்கலாம் சார். பேட்டை மடிக்க முடியாதே."

"கனமா இருந்தாத்தானே பந்து தூரம் போகும்?"

"கனத்தை வேகமா வீச முடிஞ்சாத்தான் சார் போகும். வீச முடியலைன்னா பேட்டு வந்து சேர்றதுக்குள்ள பந்து போயிடும்."

அவர் கேட்பதாக இல்லை. பெரிய மட்டையை எடுத்து மகளின் கையில் கொடுத்தார். சிறுமி நீட்டியது. நுனி மெல்லத் தாழ்ந்தது. மணிக்கட்டு நடுங்கியது. அது மட்டையைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பரவாயில்லப்பா. தூக்கிடுவேன்" என்றது.

இளையவளுக்குச் சுருக்கென்றது. ஒரு வாரமாக இதே மாதிரி நடுங்கும் ஒரு கையைப் பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறாள். ஒவ்வொரு மாலையும் சாம்பியன் பயிற்சி முடிந்து வரும்போது தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாளே. சோர்வு என்று நினைத்துக்கொண்டது யார்? மாட்டிக்கொள்வோமா என்ற பயத்தில், அந்தக் கைக்கு என்ன ஆகும் என்று ஒரு முறைகூட அவள் யோசிக்கவில்லை. அந்த நினைப்பு அவளை அறைந்தது.

"சார், இதை நான் தர மாட்டேன்" என்றாள்.

"என்னம்மா, கடை வெச்சிருக்கீங்களா, இல்ல..."

"கை போயிடும் சார். குழந்தை கை. இந்தச் சின்னதை எடுத்துக்கிட்டுப் போங்க. சரியில்லைன்னா திரும்பக் கொண்டாங்க, நான் பதில் சொல்றேன்."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை வாயடைக்க வைத்தது. சின்ன மட்டையோடு கிளம்பினார். இளையவள் கடைக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள்.

மைதானத்தைச் சுற்றிலும் உயரமான கம்பி வலை. பார்வையாளர்கள் உள்ளே போக ஒரே ஒரு கதவு, அதுவும் எதிர்ப்பக்கம். வலையை ஒட்டியிருந்த உடை மாற்றும் அறைக்கு மட்டும் வெளியிலிருந்து போகலாம். அங்கே பெஞ்சில் சாம்பியன் தனியாக உட்கார்ந்திருந்தாள். நீல மட்டை மடியில் குறுக்கே கிடந்தது.

"சாம்பியன், அதைக் குடும்மா. சித்திக்கு ஒரு சின்ன வேலை இருக்கு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "எடுக்கப் போறீங்களா சித்தி?"

"எதை?"

"உள்ள வெச்சதை."

இளையவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வாண்டு பழக்கும்போது தினமும் அவ முடிச்சதும் வாங்கி ரெண்டு தடவை வீசிப் பாப்பேன் சித்தி. எனக்குத் தெரியாதா? அப்பா கையில குடுத்த அன்னிக்கே நுனி என்னை இழுத்துச்சு. மூடி ஓரத்துல பசை வேற ஈரமா இருந்துச்சு. அந்த வேலை நம்ம வீட்டுல யார் செய்வாங்க?"

"அப்பாகிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா உங்களையும் வாண்டையும் அனுப்பிடுவாரு." அவள் கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டில் பட்டை சுற்றியிருந்தது. அதற்கு மேலும் கீழும் வீங்கியிருந்தது. "அதுவும் இல்லாம, எனக்கு இது வசதியா இருந்துச்சு சித்தி. இதை வெச்சு என்னால அடிக்க முடியாது. அடிக்கலைன்னா எடுக்க மாட்டாங்க. வாண்டை எடுப்பாங்க. அவளுக்கு ஆடுறதுன்னா உசிரு. எனக்குப் பந்து வரும்போதெல்லாம் கண்ணு தானா மூடிக்குது. அப்பா அதை இன்னும் கவனிக்கவே இல்ல."

பிள்ளையின் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இளையவள் அந்த வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்க சித்தி. ப்ளீஸ். இன்னிக்கு ஒரு நாள்தானே."

"அது முடியாதும்மா. பேட்டைச் சோதிக்கிறாங்க. கண்டுபிடிச்சா டீமையே வெளிய அனுப்பிடுவாங்க. வாண்டும் ஆட முடியாது."

சாம்பியனின் முகம் வெளுத்தது. "அப்போ சீக்கிரம் எடுத்துடுங்க!"

"இங்க எப்படி? சூடு காட்டாம மூடி வராது. நெம்பி எடுத்தா விளிம்பு பிசிறும், பாத்ததும் தெரிஞ்சிடும்."

உள்ளே வைத்திருந்தாலும் குற்றம், வெளியே எடுத்தாலும் குற்றம். வெளியே ஒலிபெருக்கி, அணிகள் மட்டைகளைக் கொண்டுவரலாம் என்று அறிவித்தது. ஒரு வழிதான் மிச்சம். மட்டை அந்த மேசைக்குப் போகவே கூடாது.

"உங்கப்பாகிட்ட இந்த பேட் வேண்டாம்னு சொல்லிடுறியா?" என்று கேட்டாள் இளையவள்.

சாம்பியன் மிரண்டு பார்த்தாள். "நான் அப்பாகிட்ட எதையுமே வேண்டாம்னு சொன்னதில்லயே."

தான் செய்த தப்பை மறைக்க ஒரு குழந்தையைத் தூது அனுப்புகிறோம் என்று இளையவளுக்கு நன்றாகவே தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அனுப்பினாள். நம் இளையவள் நல்லவள்தான். ஆனால் இன்னும் ஒரு அங்குலம் தப்பிக்க இடம் இருந்தால் அதில் நுழைந்து பார்க்கிற நிலைமையில் இருந்தாள்.

சாம்பியன் ஆட்டக்காரர்களுக்கு மட்டுமான உள்கதவு வழியாக மைதானத்துக்குப் போனாள்; கதவு பின்னால் தானாகப் பூட்டிக்கொண்டது. இளையவள் வெளியே வந்து கம்பி வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றாள். பேச்சு கேட்கிற தூரம்தான்.

"அப்பா, எனக்கு இந்த பேட் வேண்டாம்."

கோச் காதில் வாங்காதவர் போல, "என்னது?" என்றார்.

"கனமா இருக்கு. பழைய பேட்டே போதும்."

அவர் மகளைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்தில் தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் கத்த முடியாது. பெரிதாக ஒரு மூச்சை இழுத்து விட்டார்.

"பயந்துட்ட. சரி, பயத்தோட ஆட வேண்டாம்." பிறகு யாருமே எதிர்பார்க்காத காரியம் ஒன்றைச் செய்தார். திரும்பி, "வாண்டு! இங்க ஓடி வா" என்றார். "இந்தா. பழக்கினவ நீதானே. இன்னிக்கு நீயே ஆடு. ஓடு, போய் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு வா."

இதற்காகத்தானே இளையவள் இத்தனையும் செய்தாள். இந்த வாக்கியத்தைத்தானே ஒரு வாரமாகக் கனவு கண்டாள். அது வந்தது, வரக் கூடாத நேரத்தில்.

வாண்டுக்கு முகமெல்லாம் பல். மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு சோதனை மேசையை நோக்கிப் பிடித்தது ஓட்டம்.

"வாண்டு! வேண்டாம்! நில்லு!" இளையவள் வலையைப் பிடித்து உலுக்கினாள்.

வாண்டு திரும்பிப் பார்த்தது. அம்மா உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து, மட்டையைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டிவிட்டு இன்னும் வேகமாக ஓடியது.

இளையவளும் ஓடினாள். வலையை ஒட்டியே, மைதானத்தைச் சுற்றி, எதிர்ப்பக்கக் கதவை நோக்கி. வலைக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்கும் மகள் தெரிந்துகொண்டே இருந்தாள், எட்ட முடியாமல். முன்னால் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். மேசையில் இருந்த அம்மாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள். ஒவ்வொரு மட்டையையும் ஒரு வளையத்துக்குள் நுழைத்து, நிறுத்துப் பார்த்து, மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். காவலாளி ஏதோ கேட்டான். இளையவள் பதில் சொல்லாமல் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

வாண்டு மட்டையை நீட்டியிருந்தது. அந்த அம்மாளின் கை அதற்காக நீண்டிருந்தது.

"மேடம், வாங்காதீங்க! அது மேட்ச் பேட் இல்ல. பயிற்சி பேட். தவறிப்போய் வந்துடுச்சு."

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "நான் இன்னும் வாங்கலையே. எடுத்துக்கிட்டுப் போங்க. அடுத்த பேட்."

அவ்வளவுதான். அணி தப்பித்தது. அவ்வளவு சுலபமாக முடிந்ததில் இளையவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மூச்சு வாங்கத் திரும்பினால், கோச் நின்றுகொண்டிருந்தார். அக்காவும் பின்னாலேயே வந்திருந்தாள்.

"பயிற்சி பேட்டா? இதுவா?" அவர் வாண்டின் கையிலிருந்து மட்டையை வாங்கினார். மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். நுனியைக் காதருகே வைத்து உதறினார். இத்தனை வருடம் கடை நடத்தியவருக்கு அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

"யார் திறந்தது?"

ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. கடையில் நடக்கிற எந்தத் தப்பையும் எதன் மீதாவது போட்டுவிடலாம். ஆனால் பக்கத்தில் சாம்பியன் பட்டை சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள், சித்தியைக் காப்பாற்றுவதற்காக.

"நான்தான் அத்தான். போன வாரம். ஈயம் வெச்சேன். அவ வேண்டாம்னு சொல்லுவா, என் பொண்ணுக்குக் கிடைக்கும்னு வெச்சேன்."

அக்கா, "அடிப்பாவி" என்றாள், சத்தமே இல்லாமல்.

முதலில் பேசியது வாண்டு. அதன் முகத்தில் சற்று முன் இருந்த சிரிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது.

"நான் பழக்கின பேட்டுலயாம்மா?"

இளையவள் மகளை நோக்கிக் கை நீட்டினாள்.

"எனக்கு அவ ஆடினாக்கூடப் பரவாயில்லம்மா. அவ அடிச்சா அந்தச் சத்தம் வரும்ல. அது நான் வர வெச்சது." குரல் உடைந்தது. வாண்டு அழவில்லை. வலையோரம் சாத்தியிருந்த தன் நசுங்கிய அலுமினிய மட்டையை எடுத்துவந்து, அம்மாவைப் பார்க்காமல் வரிசையின் கடைசியில் போய் நின்றது.

கோச்சிடமிருந்து ஒரு கத்தலை எதிர்பார்த்து இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கத்தவில்லை. தேர்வாளர்கள் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நீல மட்டையை அக்காவிடம் கொடுத்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

அந்தக் குரலில் இளையவள் தன் பெட்டி படியிறங்கும் சத்தத்தைக் கேட்டாள். பிறகு அவர் மகள் பக்கம் திரும்பினார். "நீ போய்ப் பழைய பேட்டை எடு. அழாத. இவ பண்ணின வேலைக்கு நீ என்ன செய்வ? ஈயம் இல்லாத பேட்டுல நீ யாருன்னு காட்டு, போ."

சாம்பியன் நகரவில்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்த கையை முன்னால் கொண்டுவந்தாள். மற்றொரு கையால் பட்டையை, ஒவ்வொரு சுற்றாக, எல்லோர் முன்னாலும் பிரித்தாள். வீக்கம் வெயிலில் பளபளத்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சேதான்பா வீசினேன்" என்றாள் அந்தப் பெண். "வீட்டுக்குப் போயில்ல. இங்கயே பேசலாம்."

நடுவர் விசில் ஊதி அணியைக் கூப்பிட்டார். கோச்சுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.